சந்திவரைக்கும் போகாத மோட்டார் சைக்கிள்

கேள்வி: எனது 19 வயது மகளின் வலக்கை, அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியபோது சென்ற ஆண்டு எரிந்துவிட்டது. புண் ஆறினாலும் தழும்பு தடித்து, முழங்கை மடங்கியபடியே நிற்கிறது. கனடாவில் உள்ள என் அண்ணனின் மகனுக்கும் அதே காலத்தில் இதேபோன்ற தீக்காயம் ஏற்பட்டது. அவன் இப்போது கிரிக்கெட் விளையாடுகிறான். மகளின் தம்பியின் ரியூஷனுக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டதால் அவளைப் பஸ் ஏறும் சந்திவரை கொண்டுபோய் விட முடியாமல் சில கிளினிக்குகள் விடுபட்டன. வெள்ளைக்காரருக்கு ஆறுவதுபோல எங்கள் கறுத்த தோலுக்கு ஆறாதா? இவளை இனி யார் கட்டுவார்கள்?
- ஒரு தந்தை, புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் உங்கள் அண்ணனின் மகனும் உங்கள் தகப்பனாரின் பேரன்தானே? அவனுக்கு நீண்ட கை உங்கள் மகளுக்கு நீளாததற்கு நிறத்தைக் காரணம் காட்ட முடியாது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வசதி குறைந்த நாடுகளின் மக்கள். பணக்கார அமெரிக்காவில்கூட மருத்துவக் காப்புறுதி இல்லாதோரின் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே அதிகம். வன்னியில் அரச வைத்தியம் இலவசம் என்றாலும், பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் செலவும், அன்று இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. இந்த அநீதியைப் பற்றி நீங்கள் கோபப்பட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கோபப்பட்டிருப்பேன்.

ஆனால் உங்கள் வீட்டிலிருந்து சந்திவரையுள்ள தூரத்தை எந்த அரசாங்கமும் உண்டாக்கவில்லை. அதை நீங்கள் ஒற்றை வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள்; என்னால் கடக்க முடியவில்லை. தீப்புண் மூடியதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. மூடிய பின்னர்தான் தழும்பு ஓராண்டுக்கும் மேலாகச் சுருங்கி, தனக்குக் கீழுள்ள மூட்டை இழுத்து மடக்குகிறது. அதைத் தடுக்கத்தான் இயன்மருத்துவப் பகுதியில் கையை நீட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள், இரவில் மட்டை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள், தழும்பை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கமான கைச்சட்டையை நாளில் 23 மணித்தியாலம் போட்டிருக்கச் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் விடுபட்ட தவணைகளை நீங்கள் "சில" என்கிறீர்கள். மகளின் கிளினிக் கொப்பியை எடுத்து, குறித்த திகதிகளையும் போன திகதிகளையும் ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். மகனின் ரியூஷன் எத்தனை நாள் விடுபட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பரீட்சையை அடுத்த ஆண்டும் எழுதலாம், ஐயா. பெற்ற பிள்ளைகளில் ஒருத்தி காயப்பட்டிருக்கும்போது வீட்டின் வாகனம், காசு, நேரம் எல்லாம் முதலில் அவளுக்குரியவை என்பதே நான் அறிந்த குடும்ப முறை.

புண்ணுக்கு ஆகாதென்று மீனையும் முட்டையையும் மறித்திருந்தால் இன்றே கொடுக்கத் தொடங்குங்கள். வைத்தியர் மறுக்காதவரை அந்தப் பத்தியம் அவளை மெலியவைக்க மட்டுமே உதவும். இந்த வாரமே கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போய், விடுபட்டதை மறைக்காமல் சொல்லி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பயிற்சியால் நிமிராத முழங்கையை, இறுகிய தழும்பை வெட்டித் தளர்த்தி, வேறிடத்துத் தோலை வைத்து நிமிர்த்த முடியும். அதன் பின்னரும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அப்போதும் மோட்டார் சைக்கிள் ரியூஷனுக்கே போகுமென்றால், நிமிர்த்திய கை மறுபடியும் மடங்கிவிடும்.

கலியாணத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதமாட்டேன். வலக்கையால் தன் தலையைச் சீவ முடியாமல் இருக்கும் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுவது இப்போதைய அலுவல் இல்லை. அவள் படிக்கிறாளா, வேலைக்குப் போக விரும்புகிறாளா, நோகிறது என்று இரவில் அழுகிறாளா என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கடிதத்தை அவள் எழுதட்டும். கை வலித்தால் அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.