கசடுத் துண்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி சீட்டு எதற்கு?

போன சனிக்கிழமை ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பதினெட்டு வயது மகள். ஏ லெவல் முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வேதியியலில் ஏ, இயற்பியலில் ஏ, கணிதத்தில் பி. நல்ல முடிவுதான், ஆனால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. சிங்கப்பூரிலுள்ள மருத்துவப் படிப்புக்கு அது எட்டாது என்று அவர்களுக்கே தெரியும். வெளிநாட்டில் சீட்டு வாங்கிவிடலாம் என்கிறார் உட்லண்ட்ஸ் அத்தை. சென்னை மாமா தினமும் வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு ஏஜெண்டின் விளம்பரத்தை அனுப்பிவைக்கிறார். ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்குப் போனால் பணம் புரளும் என்று அப்பா கணக்கே போட்டுவிட்டார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல "பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண் பேனா எடுக்கப் பென்சில் பெட்டியைத் திறந்தபோது கறுப்பாக ஒன்று மேசையில் விழுந்தது. பெருவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு. உடைந்த பக்கம் முழுக்க ஆப்பத்தில் விழுந்த மாதிரி ஓட்டைகள்.

"என்னம்மா இது?"

"கசடு சார், இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கிற கழிவு. தாத்தா ஜூரோங்கில் இரும்பு ஆலையில் வேலை பார்த்தப்போ கொண்டு வந்தது."

ஓட்டை எப்படி வந்தது என்று சும்மா கேட்டுவைத்தேன். ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். உருகிய இரும்புக்குள் இருக்கும் கார்பன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வாயுவாகிறது, அது மேலே மிதக்கும் கசடைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது, கசடு ஆறும்போது குமிழிகள் அப்படியே உறைந்துவிடுகின்றன என்றாள். இதில் எதுவும் பாடத்திட்டத்தில் கிடையாது. "சரி சரி, சார்கிட்ட மெடிசின் பத்திக் கேளு" என்று அம்மா அதட்டினார். அந்த இடத்தில் நான் ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன். அன்று சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து அந்த அப்பாவுக்கே இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, முதலில் பணம். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ மருத்துவம் என்றால் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து நாலைந்து லட்சம் வெள்ளி ஆகும். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று ஏஜெண்ட் காட்டும் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் மாமாவுக்கு போன் போட்டீர்கள், மாமா ஏஜெண்டுக்குப் போட்டார், பதில் வரவில்லை. பட்டியலில் இல்லாத கல்லூரிக்கு வீட்டை விற்பதை நான் ஆலோசனை என்ற பெயரில் ஆதரிக்க முடியாது. பட்டியலில் இருந்தாலும் என் பதில் இதுதான். உங்களுக்கு வயது 52. மூவறை வீட்டில், சேமிப்பில்லாமல், இன்னும் பதினைந்து வருடம் ஓட வேண்டும். அதுவும், எந்த இடத்திலும் "எனக்கு டாக்டர் ஆகணும்" என்று வாயைத் திறந்து சொல்லாத ஒரு பிள்ளைக்காக. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர், பிசினஸ், அக்கவுண்டன்சி பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு அத்தையே போதும்.

நான் சொல்வது பொருளறிவியல் பொறியியல். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உலோகம், பீங்கான், பிளாஸ்டிக், சிலிக்கான் ஆகியவை எப்படி உருவாகின்றன, எப்படிச் சுத்தமாகின்றன, எங்கே உடைகின்றன என்பதுதான் படிப்பு. நம் வீடுகளில் இந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை, கல்யாண வீட்டில் சொன்னால் "அப்படின்னா?" என்பார்கள். அந்தப் படிப்புக்குள் உங்கள் மகளின் கண் போவது ஒரே இடத்துக்கு: மின்வில் உலை, அதாவது மின்சாரப் பொறியின் சூட்டில் இரும்பை உருக்கும் உலை.

தாத்தா வேலை பார்த்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சிங்கப்பூரின் தேசிய இரும்பு எஃகு ஆலை 1961இல் பதிவானது. ஜூரோங் வெறும் சதுப்பும் புதருமாக இருந்த 1962இல் அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ அதற்கு அடிக்கல் நாட்டினார். ஜூரோங் தொழிற்பேட்டைத் திட்டத்தையே அப்போது பலர் "கோவின் முட்டாள்தனம்" என்று கேலி செய்தார்கள். உட்லண்ட்ஸ் அத்தைகள் அன்றும் இருந்திருக்கிறார்கள். பின்னால் நேட்ஸ்டீல் என்று பெயர் மாறிய அந்த ஆலைக்குச் சுரங்கமும் தேவையில்லை, தாதும் தேவையில்லை. பழைய இரும்பு போதும். நம் புளோக்குக்குக் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் காராங்குனிக்காரர் வாங்கிப் போகும் அலமாரி, இடித்த கட்டடத்தின் கம்பி எல்லாம் அப்படிப்பட்ட உலைக்குத்தான் தீனி. மறுபடி அது கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது.

உலை வேலை செய்யும் விதம் பார்க்கச் சுலபம். பெரிய அண்டா ஒன்று, மேலே மூடி, மூடியின் துளைகள் வழியாக இறங்கும் மூன்று கிராஃபைட் தூண்கள், பெரிய உலைகளில் ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல் தடிமன். சில நூறு வோல்ட்டில் பல்லாயிரம் ஆம்பியர் பாய, தூணின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் மின்னல் நின்று எரிகிறது. அந்த வில்லின் சூடு பல ஆயிரம் டிகிரி. கீழே இரும்பு 1,600 டிகிரியில் தண்ணீராகக் கிடக்கும். நல்ல ஆலையில் ஒரு உருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு டன்னுக்கு 400 யூனிட் அளவில் மின்சாரம் போகும். ஒரு நாலறை வீட்டின் கிட்டத்தட்ட ஒரு மாதக் கரண்ட். 1900ஐ ஒட்டி பிரான்சில் போல் எரூ இப்படி மேலிருந்து மின்முனை இறக்கி எஃகு உருக்கிக் காட்டினார். அடிப்படை வடிவம் இன்றும் அதுதான்.

உருக்குவது பாதி வேலை. சுத்தம் செய்வதுதான் உங்கள் மகளின் வேலை. சுண்ணாம்பு போட்டால் பாஸ்பரஸ் கசடுக்குள் போகும். கந்தகத்தை அடுத்த கட்டத்தில், வார்ப்புக் கொப்பரையில் இன்னொரு சிறிய வில்லால் சூட்டைக் காத்துக்கொண்டே எடுப்பார்கள். கரித்தூளும் ஆக்ஸிஜனும் ஊதினால் கசடு பொங்கல் பானைபோல் நுரைத்து எழும்பி வில்லையே மூடிக்கொள்ளும். சுவர் பிழைக்கும், மின்சாரம் மிச்சமாகும், காது பிளக்கும் உறுமல் சட்டென்று அடங்கும். அனுபவசாலிகள் சத்தத்தை வைத்தே நுரையின் உயரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பென்சில் பெட்டித் துண்டு அந்தச் சமையலின் மிச்சம்தான்.

ஆனால் செம்பை மட்டும் வெளியே எடுக்க முடியாது. இரும்பைவிட அது ஆக்ஸிஜனை நாடாத உலோகம். எவ்வளவு ஊதினாலும் இரும்போடேயே தங்கிவிடும். பிரிக்காமல் விட்ட ஒரு பழைய மோட்டாரின் செம்புச் சுருள் உள்ளே போனால், பின்னால் கம்பியைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் விரிசல் விழும். இதற்கு வழி, பழைய இரும்பைப் பிரிப்பதும் கலக்கும் விகிதமும்தான். கேமராவும் கணினியும் வந்தும் இன்னும் தீராத பிரச்சினை. மூளையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே நிறைய இடமிருக்கிறது.

அம்மா கேட்டார்: "பொம்பளப் பிள்ளை உலைக்குப் பக்கத்தில் நிற்பாளா?" நியாயமான கேள்வி. பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால், கட்டுப்பாட்டு அறையில். உருகிய எஃகில் ஒரு குழாயை முக்கி மாதிரி எடுப்பார்கள். வட்டத் தகடும் ஒரு காம்புமாக வரும், ஆலைகளில் அதை லாலிபாப் என்றே சொல்வார்கள். அதைத் தேய்த்து ஒரு பொறி தட்டினால் சில நிமிடங்களில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அதைப் பார்த்து எதைச் சேர்ப்பது, இன்னும் எத்தனை நிமிடம் என்று முடிவெடுப்பவர் உலோகவியலாளர். ஷிப்ட் இருக்கும், சூடு இருக்கும், ஈரமான இரும்பு உள்ளே விழுந்தால் வெடிக்கும் ஆபத்தும் இருக்கும். இதை நான் மறைக்கவில்லை. மருத்துவமனையில் இரவு ஷிப்ட் இல்லையா என்றும் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை: எஃகு உருக்குவது என்றால் இங்கே நேட்ஸ்டீலைத் தாண்டி நீளமான பட்டியல் கிடையாது. அதனால் சிலிக்கானையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் கல், நிலக்கரி, மரக்கரி, மரத்துண்டு எல்லாவற்றையும் கொட்டி, அந்தக் குவியலுக்குள்ளேயே மின்முனையைப் புதைத்து எரிப்பார்கள். 2,000 டிகிரி அளவில் கரி கல்லிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ள, அடியில் சிலிக்கான் சேரும். ஒரு டன்னுக்கு 11,000 முதல் 13,000 யூனிட் வரை. அதே நாலறை வீட்டின் இரண்டரை வருடக் கரண்ட். அதனால்தான் இவ்வகை உலைகள் அணைக்கட்டு இருக்கும் நாடுகளைத் தேடிப் போகின்றன. நமக்குப் பக்கத்தில் சரவாக்கின் சமலாஜுவில் நீர்மின்சாரத்தை நம்பி ஃபெரோசிலிக்கான், அதாவது இரும்பு கலந்த சிலிக்கான், செய்யும் உலைகள் ஓடுகின்றன. அதை நடத்தும் ஓஎம் ஹோல்டிங்ஸின் தலைமையகம் சிங்கப்பூரில்தான்.

உலையிலிருந்து வருவது 98, 99 சதவீதச் சுத்தம். சிப்புக்கு அது குப்பை. வாயுவாக்கி, வடித்து, மறுபடி திடமாக்கி, தசமப் புள்ளிக்குப் பின்னும் ஒன்பதுகள் வரிசையாக நிற்கும் சுத்தத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஒற்றைப் படிகமாக இழுத்து, சிப் செய்வதற்கான மெல்லிய வட்டத் தகடாக, அதாவது வேஃபராக, அறுப்பார்கள். தெம்பனிஸில் சில்ட்ரானிக் 300 மில்லிமீட்டர் வேஃபர் செய்கிறது. பாசிர் ரிஸ்ஸில் இன்னொரு வேஃபர் நிறுவனமான சோய்டெக் இருக்கிறது. இரண்டும் பஸ்ஸில் போகும் தூரம். படிகம் இழுக்கும்போது உருகிய சிலிக்கானைத் தாங்கும் குவார்ட்ஸ் கிண்ணம் எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா? சுழலும் அச்சுக்குள் மணலைக் கொட்டி, நடுவில் கிராஃபைட் முனைகளால் மின்வில் மூட்டி உருக்குகிறார்கள். எங்கே சுற்றினாலும் உங்கள் மகளின் வில் வந்து நிற்கிறது.

இதில் எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். கரியால் ஊதுலையில் எஃகு செய்தால் ஒரு டன்னுக்கு இரண்டு டன் அளவில் கரியமில வாயு வெளியேறும். பழைய இரும்பை மின்வில்லில் உருக்கினால் அதில் சிறு பங்குதான். வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை 2024இல் மூடப்பட்டு, மின்வில் உலை கட்டும் வேலை நடக்கிறது. இங்கே கார்பன் வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. ஒரு டன்னுக்கு இருபது யூனிட் மிச்சம் பிடிப்பவருக்கும் முதலாளி இனி நாற்காலி போடுவார்.

செலவுக்கு வருகிறேன். அரசாங்க மானியம் போக, குடிமக்களுக்கு வருடக் கட்டணம் எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. மானியத்துக்காக அவளை யாரும் ஒப்பந்தத்தில் கட்டிப்போட மாட்டார்கள். உங்கள் மத்திய சேமநிதியிலிருந்து கடனாக எடுக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து அவள் வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்தப் பணத்தைத் தொட முடியாது, அதையும் மாமாவிடம் சொல்லுங்கள். வீடு வீடாகவே இருக்கட்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. நான் சொன்னேன் என்பதற்காகவும் அவளை இதில் சேர்க்கக் கூடாது. பல்கலைக்கழகம் திறந்த நாள் நடத்தும்போது அவளைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். போனால் மறுபடி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். ஆய்வகத்தில் நின்று கேள்வி கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து "வேண்டாம்பா" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வேறு பேசலாம். விண்ணப்பம் மார்ச்சில் முடிகிறது, இந்த வாரமே போகட்டும்.

கிளம்பும்போது அம்மா கதவருகே நின்று மெதுவாகக் கேட்டார்: "அத்தைகிட்ட என்ன சொல்றது?" நம்பரை எழுதி வாங்கிக்கொண்டேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானே கூப்பிடுகிறேன். கசடுத் துண்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது, வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.