பல ஆண்டுகளாகப் படியேறியும் எலும்பு அடர்த்தி குறைந்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பின் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 1.8 என்று வந்துள்ளது. அலுவலகத்தில் லிஃப்டைத் தவிர்த்து, பல ஆண்டுகளாக நான்கு மாடி ஏறி இறங்குகிறேன். படியேறுவது எலும்புக்கு நல்லது என்கிறார்களே, பிறகு ஏன் இப்படி?

பதில்: முதலில், மைனஸ் 1.8 ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய், அல்ல. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் அந்தப் பெயர். உங்களுடையது அதற்கு முந்தைய நிலை.

உங்கள் கேள்விக்கான விடை 'பல ஆண்டுகளாக' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எலும்பு பழகிய சுமைக்கு அசைந்து கொடுக்காது. புதிதாக, வழக்கத்தைவிடக் கூடுதலாக, விட்டுவிட்டு வரும் விசைக்குத்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பது இதனால்தான். நீங்கள் ஏறும் நான்கு மாடியை உங்கள் எலும்பு எப்போதோ கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்காக நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் நின்று, எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்த இந்த ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகமாக நடக்கும். ஏறாமல் இருந்திருந்தால் அளவு இன்னும் கீழே போயிருக்கலாம்.

செயற்கை இடுப்பு மூட்டுக்குள் உணர்கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். நடக்கும்போது மூட்டில் விழும் விசை உடல் எடையைப்போல் சுமார் 2.4 மடங்கு, படி ஏறும்போது 2.5, இறங்கும்போது 2.6. வித்தியாசம் சொற்பம். ஆனால் ஏறும்போது தொடை எலும்பின்மீது விழும் முறுக்கு விசை நடையைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம். படியேற்றத்தின் தனிச்சிறப்பை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

ஆகவே மாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஏறும் விதத்தை மாற்றுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு மாடியை மட்டும் வேகமாக, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டிரண்டு படியாக ஏறுங்கள். மூச்சு சீரானதும் மீண்டும் ஒருமுறை. சில வாரங்கள் கழித்து முதுகுப்பையில் இரண்டு கிலோ சேர்க்கலாம். முழங்கால் வலித்தால் எடையைக் குறையுங்கள். இறங்கும்போது அவசரமே வேண்டாம். அடர்த்திக்காகச் செய்யும் பயிற்சியில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது பெருந்துயரம்.

இதில் முதுகெலும்புக்குக் கிடைக்கும் பங்கு குறைவு, மணிக்கட்டுக்கு எதுவுமே இல்லை. எலும்பு முறிவு அதிகம் நேரும் இடங்களில் இவ்விரண்டும் உண்டு. எடை தூக்கும் பயிற்சியை ஒரு பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியைச் செய்யலாம்.

ஏறு பயிற்சியால் எலும்பு வெகுவாகப் பெருகியது என்று படித்திருப்பீர்கள். அவற்றில் பல, உயரத்தில் வைத்த தண்ணீருக்காக ஏறவைக்கப்பட்ட எலிகளிடம் கண்டவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடற்பயிற்சியால் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். இழப்பு நின்றாலே அது வெற்றி என்பேன். காலில் வலுக் கூடி, தடுமாற்றம் குறைவது தனி லாபம். அது ஸ்கேனில் தெரியாது.

உணவிலிருந்து நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கிறதா என்று பாருங்கள். வைட்டமின் டி அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே அடுத்த ஸ்கேனை ஓராண்டுக்கு முன் எடுக்க வேண்டாம். எடுக்கும்போது அதே இயந்திரத்தில் எடுங்கள். சிறு அடிக்கே எலும்பு முறிந்திருந்தாலோ, உயரம் குறைந்திருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ, புதிய பயிற்சி எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.