யு/ஏ 13+ படத்துக்கு 9 வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

டிக்கெட் ஆப்பில் யு/ஏ 13+ என்று இருக்கிறது, பையனுக்கு 9 வயதுதான், கேட்டில் நிறுத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லி சட்டம் இல்லை. அந்த எண் உங்களுக்கான எச்சரிக்கை, அவ்வளவுதான். முன்பு ஒரே யு/ஏ இருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். யு எல்லோருக்கும். ஏ மட்டும் கறார்: 18 ஆகாதவர்களை அப்பா அம்மா கூட வந்தாலும் விடக்கூடாது.

ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். போன வருடம் தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு ஒரு யு/ஏ படத்துக்குப் போனோம், இடைவேளைக்கு முன்னால் வந்த அரிவாள் சண்டையில் என் 8 வயது மகள் பாப்கார்னை மடியில் வைத்துவிட்டு என் சட்டைக் கையை முறுக்கிப் பிடித்தவள் கடைசிவரை விடவே இல்லை, அப்புறம் ராத்திரி லைட்டையும் அணைக்க விடவில்லை. படம் தொடங்கும்போது திரையில் சான்றிதழ் காட்டுவார்கள்தான், ஆனால் அதற்குள் காசு கொடுத்து உட்கார்ந்திருப்போமே! அதனால் முதல் ஷோ பார்த்த தெருப் பையன்களிடம் "ரத்தம் நிறையவா?" என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

ஓடிடி-க்குக் காத்திருந்தால் இன்னும் வசதி. 2021 விதிகளின்படி அங்கே வயதோடு வன்முறையா, கெட்ட வார்த்தையா என்றும் போட வேண்டும். யு/ஏ 13+ முதல் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். பின் நம்பரைப் பையன் எதிரில் அழுத்தாதீர்கள்.