ஒரே நேவி துணி, மூணு டெல்டா ஈ: கையடக்கக் கலர் மீட்டரில் எந்த நம்பரை நம்புவது?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைக்கிறோம். சாயத்தை வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குகிறோம். மூணு மாதம் முன்பு கையடக்க ஸ்பெக்ட்ரோ (துணியின் கலரை நம்பராக அளக்கும் மீட்டர்) ஒன்று வாங்கினோம். நேவி புளூ லாட் வந்தால் சாயப்பட்டறை ரிப்போர்ட்டில் டெல்டா ஈ (ஸ்டாண்டர்டு கலருக்கும் லாட்டுக்கும் உள்ள வித்தியாசம்) 0.7 என்று இருக்கிறது. எங்கள் மீட்டரில் 1.2 வருகிறது. அதே துணியை மதியம் அளந்தால் 0.9. காலருக்கும் கஃபுக்கும் போடும் ரிப் துணியோ 2-க்கு மேல் போகிறது, ஆனால் கண்ணுக்கு பாடியோடு (சட்டையின் உடல் பகுதித் துணியோடு) மேட்ச்சாகத்தான் தெரிகிறது. மீட்டரில் கோளாறா? எதை வைத்துப் பாஸ் பண்ணுவது?

பதில்: மீட்டர் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அளந்துவிட்டு, கடைசியில் வந்த நம்பரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். டெல்டா ஈ தராசில் நிறுக்கிற கிலோ மாதிரி இல்லை. எந்த ஃபார்முலா, எந்த விளக்கு, துணி எத்தனை மடிப்பு, சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, மீட்டரை யார் எப்படி அழுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நம்பருக்குள் இருக்கிறது.

முதலில் ஃபார்முலாவைப் பாருங்கள். மீட்டர் ஒரு கலரை மூன்று நம்பராகச் சொல்லும்: எல் வெளிர்-டார்க், ஏ சிவப்பு-பச்சை, பி மஞ்சள்-நீலம். உங்கள் ஸ்டாண்டர்டு (பையர் அப்ரூவ் செய்த மாதிரி) எல் 22.40, ஏ 1.10, பி மைனஸ் 14.20 என்று வைத்துக்கொள்வோம். வந்த லாட் எல் 21.90, ஏ 1.35, பி மைனஸ் 13.60. இதே அளவுகளை 1976-ஆம் ஆண்டு சிஐஈலேப் ஃபார்முலாவில் போட்டால் டெல்டா ஈ 0.82. துணிக்கு அதிகம் புழங்கும், எல் வித்தியாசத்தைப் பாதியாக எடுத்துக்கொள்ளும் சிஎம்சி 2:1 ஃபார்முலாவில் 0.67. மீட்டரில் யாரோ சிஎம்சி 1:1 என்று மாற்றி வைத்திருந்தால் 0.94. துணி ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், ஆனால் ஒரு லாட்டைப் பாஸாகவோ ஃபெயிலாகவோ காட்டும் அளவுக்கு நம்பர் நகர்ந்துவிட்டது. எனவே சாயப்பட்டறை ரிப்போர்ட்டில் டெல்டா ஈ என்று மட்டும் இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிஎம்சி 2:1, டி65 விளக்கு (பகல் வெளிச்சம்), 10 டிகிரி அப்சர்வர் (கண் பார்க்கும் கோணம்), எஸ்சிஐ (மேற்பரப்பு மினுமினுப்பையும் சேர்த்து அளக்கும் முறை), அப்பர்ச்சர் (மீட்டர் அளக்கும் ஓட்டை) எத்தனை மில்லிமீட்டர் என்ற ஐந்து விவரமும் ரிப்போர்ட்டின் தலையிலேயே இருக்க வேண்டும். உங்கள் மீட்டரிலும் அதே ஐந்தை வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுங்கள். பையர் வேறு ஃபார்முலா சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் அதற்கே மாறுங்கள்.

ரிப்போர்ட்டில் டெல்டா ஈ-யைவிட முக்கியமானது அதற்கு மேலே இருக்கும் வரிகள். மேலே சொன்ன லாட்டில் எல் மைனஸ் 0.50, அதாவது டார்க். குரோமா (கலரின் பளிச்) 14.24-லிருந்து 13.67-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது டல். ஹ்யூ (நிறத்தின் சாயல்) கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது. டையிங் மாஸ்டருக்கு "0.67 வந்திருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. "அரைப் பாயிண்ட் டார்க், டல்லா இருக்கு, லேசா செவப்படிக்குது" என்று சொன்னால் அடுத்த லாட்டுக்கு ரெசிப்பியில் எதைத் தொடுவது என்று அவருக்குப் புரியும். ஷேடு லைட்டாக வந்தால் டாப்பிங் (மேலே கொஞ்சம் சாயம்) போட்டு ஏற்றலாம். டார்க்கும் டல்லும் சேர்ந்து வந்தால் மேலே என்ன சாயம் போட்டாலும் இன்னும் டார்க்காகும். அதனால்தான் திசை தெரியாத நம்பரை வைத்துச் சண்டை போடுவதில் யாருக்கும் லாபமில்லை.

அடுத்தது, உங்கள் ஷேடு நேவி. மீட்டருக்குக் கஷ்டமான ஷேடுகளில் அதுவும் ஒன்று. எல் 22.40 உள்ள துணி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 3.63 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. 21.90 உள்ள துணி 3.49 சதவீதம். இடையில் உள்ளது 0.14 சதவீதம், அதுவே அரைப் பாயிண்ட் எல் ஆகிவிடுகிறது. எல் 92 இருக்கும் வெளிர் ஷேடில் அதே 0.14 சதவீதம் தவறினால் 0.06 பாயிண்ட்தான் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆக மீட்டரின் உள்கோளத்தில் (வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைப் பூச்சுள்ள உள்பகுதியில்) ஒரு சிட்டிகை பஞ்சுத் தூசி இருந்தாலும், ஜீரோ கேலிப்ரேஷன் (வெளிச்சமே திரும்பாத நிலையை மீட்டருக்குக் காட்டுவது) ஒழுங்காக எடுக்காவிட்டாலும், முதலில் மாட்டிக்கொள்வது நேவி, பிளாக், பாட்டில் கிரீன் மாதிரியான ஷேடுகள். பலர் ஒயிட் டைலில் மட்டும் கேலிப்ரேட் செய்துவிட்டு ஜீரோவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் மீட்டரில் ஜீரோவும் இருந்தால் ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் இரண்டையும் எடுங்கள். ஏசி அறையிலிருந்து கட்டிங் ஹாலுக்கு மீட்டரைத் தூக்கிப் போனால், அங்கே 20 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இனி கை. துல்லியம் பாதி இங்கேதான் போகிறது. மீட்டர் வாங்கும்போது தரும் தாளில் ரிப்பீட்டபிலிட்டி (திரும்பத் திரும்ப அளந்தால் வரும் வித்தியாசம்) 0.05-க்குள் என்று போட்டிருக்கும். அது ஒயிட் டைலில், மீட்டரை எடுக்காமல் அளந்த கணக்கு. பனியன் துணி டைல் இல்லை. சிங்கிள் ஜெர்சியை மடித்து வைத்து மீட்டரை மேலிருந்து அழுத்தினால், 8 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் துணி சின்னத் தலையணை மாதிரி மேலே பிதுங்கும். பிதுங்கின துணி கோளத்துக்குள் நுழைந்துவிடுவதால் எல் மாறும். ஒருவர் பலமாக அழுத்துவார், இன்னொருவர் சும்மா வைப்பார். மதியம் 1.2 இருந்தது 0.9 ஆனதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். துணியை நான்காக மடியுங்கள். நான்கு மடிப்பு போதுமா என்று கண்டுபிடிக்க, அடியில் ஒரு முறை வெள்ளை அட்டை, ஒரு முறை கறுப்பு அட்டை வைத்து அளங்கள். இரண்டுக்கும் நடுவில் 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அடியில் உள்ளது தெரிகிறது என்று அர்த்தம், இன்னும் இரண்டு மடிப்பு சேர்க்க வேண்டும். நேவிக்கு நான்கு போதுமானதாக இருக்கும், 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) வெளிர் மஞ்சளுக்குப் போதாமல் போகலாம். பையர் அப்ரூவ் செய்த ஸ்வாட்ச் (மாதிரித் துண்டு) சின்னதாக இருந்து இரண்டு மடிப்புதான் வருகிறது என்றால், லாட்டையும் இரண்டே மடிப்பில், அதே அட்டையின் மேல் வைத்துத்தான் அளக்க வேண்டும். மேடை தட்டையாக, கெட்டியாக இருக்கட்டும், மடியிலோ ரோல் மேலேயோ வைத்து அளக்கக் கூடாது. துணியின் முகப்பு மேலே, வேல் வரி (பின்னலின் நீளவாக்கு வரி) உங்களை நோக்கி நேராக. துணியை இழுக்காமல், சுருக்கமில்லாமல் கையால் நீவி, மீட்டரை அதன் சொந்த எடையிலேயே நிற்க விடுங்கள். ஒரு அளவு எடுத்ததும் தூக்கி, துணியை 90 டிகிரி திருப்பி, கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள். இப்படி நாலு அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். சராசரி எடுக்கும் வசதி மீட்டரிலேயே இருக்கும். நாலு அளவின் சராசரியில் கையால் வரும் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி இதையும் செய்யுங்கள். ஒரே நேவி துணியை, மீட்டரை எடுக்காமல் 10 முறை அளங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து 10 முறை. பிறகு இன்னொருவரை விட்டு 10 முறை. முதல் பத்தில் உள்ள விரிவு மீட்டருடையது, மற்றவை உங்கள் பழக்கத்துடையவை. எடுத்து வைத்த பத்தில் ஒன்றுக்கொன்று 0.3-க்கு மேல் ஓடினால், 0.8 டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) வைத்து லாட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. முதலில் பழக்கத்தைச் சரி செய்யுங்கள்.

நேரமும் சூடும் அடுத்தது. கம்பாக்டரிலிருந்து (துணியின் சுருக்கத்தைச் சரிசெய்யும் சூடான மெஷின்) வந்த துணி வெதுவெதுப்பாக, வறண்டு இருக்கும். காட்டன் ஈரப்பதத்தை இழுக்க நேரம் எடுக்கும், ஈரம் ஏற ஏற ஷேடு ஆழமாகத் தெரியும். சூட்டுக்கு ரெட், ஆரஞ்சு ஷேடுகள் அதிகமாக நகரும். ஐஎஸ்ஓ சொல்லும் நிலை 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். சித்திரை வெயிலில் திருப்பூரில் திறந்த ஹாலில் அதற்கு வழியே இல்லை, ஆனால் மூடிய ஏசி அறையில் ஈரப்பத மானி ஒன்றை மாட்டி அதன் பக்கத்தில் போகலாம். லாட் துணியையும் ஸ்டாண்டர்டையும் அங்கே ஒற்றைப் படலமாகத் தொங்கவிட்டு, எப்போதும் ஒரே நேரம் கழித்து அளங்கள். முடிவு எடுக்கும் லாட்டுக்கு நாலு மணி நேரம் நல்லது. அவசர லாட்டுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள், ஆனால் ஸ்டாண்டர்டும் அதே ஒரு மணி நேரம் அங்கேயே தொங்க வேண்டும். சாயப்பட்டறைக்காரர் டிரையரிலிருந்து எடுத்த துணியை அளந்து 0.7 என்கிறார், நீங்கள் சாஃப்ட்னர் போட்டுக் கம்பாக்டிங் முடிந்ததை அளக்கிறீர்கள் என்றால், இரண்டு நம்பரும் சரியாகவே இருக்கலாம். சிலிக்கான் சாஃப்ட்னர் டார்க் ஷேடை இன்னும் ஆழமாக்கும். பாஸ் முடிவு கடைசி ஃபினிஷிங் முடிந்த துணியில் மட்டும்தான் என்று இரண்டு பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப் விஷயத்தில் உங்கள் கண்தான் சரி. ரிப்பில் மேடும் பள்ளமும் இருக்கிறது, பள்ளத்தில் நிழல் விழுகிறது. லைக்ரா உள்ள ரிப்பைக் கொஞ்சம் இழுத்தாலே பள்ளம் திறந்து நம்பர் மாறும். பாடியின் அளவை ஸ்டாண்டர்டாக வைத்து ரிப்பை அளந்தால் சாயம் எவ்வளவு சரியாக இருந்தாலும் 2 வரத்தான் செய்யும், அது ஷேடு வித்தியாசம் இல்லை, பின்னல் வித்தியாசம். சரியான வழி இது. லைட் பாக்ஸில் (குறிப்பிட்ட விளக்குகளில் கண்ணால் பார்க்கும் பெட்டியில்) பாடியோடு மேட்ச் ஆனதாகப் பையர் ஒப்புக்கொண்ட ரிப் துண்டு ஒன்றை எடுத்து அதைத் தனி ஸ்டாண்டர்டாகப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு ரிப்புக்கு ரிப், பாடிக்கு பாடி. காலருக்கும் கஃபுக்கும் இதே முறைதான்.

ஸ்டாண்டர்டைப் பற்றி இன்னொன்று. சாயப்பட்டறை மீட்டரில் எடுத்த எல், ஏ, பி அளவுகளை வாட்ஸ்அப்பில் வாங்கி உங்கள் மீட்டரில் டைப் செய்யாதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மீட்டர்களுக்குள்ளேயே சின்ன வித்தியாசம் உண்டு, மாடல் மாறினால் இன்னும் கூடும். பையர் அனுப்பும் டிஜிட்டல் ஃபைலும் வழக்கமாக மேசை மீட்டரில், பெரிய அப்பர்ச்சரில் அளந்ததாகவே இருக்கும். அசல் ஸ்வாட்ச்சை உங்கள் மீட்டரிலேயே அளந்து ஸ்டாண்டர்டாக வையுங்கள், அப்போது மீட்டரின் சொந்தக் குணம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சேர்ந்து கழிந்துவிடும். அப்ரூவ் ஆன லாட்டிலிருந்து ஒரே துண்டை மூன்றாக வெட்டி பையருக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்கள் துண்டைக் கறுப்புக் கவரில், வெளிச்சம் படாமல் வையுங்கள். விரல் படப்படத் தேயும், அதனால் அளக்க ஒன்று, ஒதுக்கி வைக்க ஒன்று.

எங்கிருந்து வெட்டுவது என்பதும் முக்கியம். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் நாலு டியூப் என்றால் ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும், லாட்டுக்குள்ளேயே ஷேடு மாறினால் அங்கேதான் முதலில் தெரியும். ஓப்பன் வித் (வெட்டி விரித்த) துணியானால் இடது, நடு, வலது என மூன்று இடம். ஒரே ரோலின் நுனியில் ஒரு துண்டு வெட்டி முழு லாட்டையும் பாஸ் செய்தால் கட்டிங் டேபிளில் உட்கார்ந்து பனல் பனலாகப் பிரிக்க வேண்டி வரும்.

டாலரன்ஸ் பையர் சொல்வதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சிஎம்சி 2:1-ல் 1.0 மேல் எல்லை, 0.8 வரை தயக்கமில்லாமல் பாஸ், இரண்டுக்கும் நடுவே வருவது லைட் பாக்ஸுக்கு என்று தொடங்கலாம். டி65-ல் மட்டும் பார்க்காதீர்கள். மீட்டரில் டிஎல்84 (கடை டியூப் லைட்), ஏ (குண்டு பல்பு) விளக்குகளின் டெல்டா ஈ-யும் வரும். டி65-ல் 0.6, டிஎல்84-ல் 1.6 என்றால் சாயப்பட்டறை ரெசிப்பியில் வேறு சாயம் போட்டிருக்கலாம். இங்கே பகல் வெளிச்சத்தில் மேட்ச்சாக இருக்கும் துணி, பையரின் கடை விளக்கில் பிரிந்து தெரியும். இதைச் சொல்வது ஸ்பெக்ட்ரோ மட்டும்தான். மூன்று நாலு ஃபில்டர் வைத்த மலிவான கலரிமீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, போனோடு இணைக்கும் சின்னக் கருவிகளைத் துணி பாஸ் செய்யப் பயன்படுத்தவே வேண்டாம்.

மீட்டரைத் தள்ளி வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. பிரைட்னர் (வெண்மை கூட்டும் ரசாயனம்) போட்ட ஒயிட், நியான் ஷேடுகள் வெளிச்சத்தை உள்வாங்கி ஒளிர்பவை, ஒயிட்டில் அது யூவி வெளிச்சம். யூவி அளவைச் சரிசெய்ய வழியில்லாத கையடக்க மீட்டர் அதில் தரும் நம்பரை நம்பாதீர்கள், யூவி கேலிப்ரேஷன் உள்ள மேசை மீட்டர் இருக்கும் லேபுக்கு அனுப்புங்கள். பல நிற இழை கலந்த கிரே மெலாஞ்சில் நாலு அளவு போதாது, 10 இடம் எடுங்கள். பிரிண்ட்டில் அப்பர்ச்சரைவிடப் பெரிதாகத் தட்டையான ஒரே கலர் இருக்கும் இடத்தில் மட்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அடிக்கிறபோது ஹாலில் பஞ்சும் மண்ணும் பறக்கும். அந்த மாதங்களில் அளந்து முடித்ததும் மூடியைப் போட்டு, மீட்டரை ஓட்டை கீழே இருக்கும்படி வையுங்கள். உள்ளே தூசி தெரிந்தால் ரப்பர் ஊதியால் மெதுவாக ஊதுங்கள், கம்ப்ரசர் ஏர் கூடாது, அதில் எண்ணெயும் தண்ணீரும் வரும். உள்கோளத்து வெள்ளைப் பூச்சை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது. ஒயிட் டைல் சீரியல் நம்பர் மீட்டரின் சீரியல் நம்பரோடு பொருந்த வேண்டும், பக்கத்து கம்பெனி டைலைக் கடன் வாங்கிக் கேலிப்ரேட் செய்தால் எல்லா லாட்டும் ஒரு பக்கமாக நகரும். மீட்டரோடு பச்சை டைல் வந்திருந்தால் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் அளவிலிருந்து 0.3-க்கு மேல் நகர்ந்தால் டைலைத் துடைத்து மறுபடி பாருங்கள், அப்போதும் நகர்ந்தே இருந்தால் சர்வீஸுக்கு அனுப்பும் வரை அந்த மீட்டரில் லாட் பாஸ் செய்ய வேண்டாம்.