எடை கூடியது மாத்திரையாலா, மாதவிடாய் நின்றதாலா?

கேள்வி: எனக்கு வயது 50. உயரம் 155 செ.மீ. கும்பகோணத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகின்றன. 46 வயதில் 61 கிலோ இருந்தேன். இரவில் ஏழெட்டு முறை உடம்பு திகுதிகுவென்று எரிந்து, தலையணை நனையும் அளவுக்கு வியர்த்து எழுந்துவிடுவேன். மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜென் மாத்திரையும், இரவில் போட்டுக்கொள்ள புரோஜெஸ்ட்ரான் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். தொடங்கிய அன்று 67 கிலோ. ஐந்து வாரத்தில் 68.5 கிலோ. மார்பு கனத்து வலித்தது, மோதிரம் இறுகியது. எரிச்சல் பெருமளவு அடங்கி நன்றாகத் தூங்கினேன். ஆனாலும், "ஹார்மோன் மாத்திரை உடம்பை ஊத வைக்கும், புற்றுநோயும் வரும்" என்று என் ஓரகத்தி சொன்னதால் பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன். எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. காலையில் நான்கு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவில் இரண்டு தோசை என்று குறைத்துச் சாப்பிட்டும் வயிறு குறையவில்லை. பிளவுஸில் கைப்பகுதி தொளதொளவென்று ஆகிவிட்டது. இடுப்புப் பகுதியை மட்டும் இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. "உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான்" என்கிறார் கணவர். மாத்திரையை மீண்டும் தொடங்கலாமா? தொடங்கினால் எத்தனை நாள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் எடைக் கணக்கை அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் கூடிய ஏழரைக் கிலோவில் ஆறு கிலோ, நீங்கள் முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே கூடியது. மாத்திரை எடுத்துக்கொண்ட காலத்தில் கூடியது ஒன்றரைக் கிலோ. இந்த இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. எனவே தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ஆறு கிலோ. கடிதத்தில் மருத்துவராகிய எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, நீங்கள் பிளவுஸைப் பற்றி எழுதிய வரிதான். கை தளர்கிறது, இடுப்பு இறுகுகிறது என்றால், உடம்பில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன என்று பொருள்: தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி, நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' என்னும் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்தப் பெண்களின் மொத்த எடை, மாதவிடாய் நிற்பதை ஒட்டித் திடீரென்று ஏறிவிடவில்லை. வயது ஏற ஏற, ஆண்டுக்குக் கொஞ்சமாக, ஒரே சீராகவே கூடிக்கொண்டு வந்தது. ஆனால் கடைசி மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்து, அது நின்று இரண்டு ஆண்டுகள் வரை, கொழுப்பு சேரும் வேகம் கூடியதும் தசை குறையத் தொடங்கியதும் தெரியவந்தன. நீங்கள் இப்போது நிற்பது அந்தக் காலகட்டத்தின் நடுவில்.

கொழுப்பு ஏன் வயிற்றைத் தேடிப் போகிறது என்றால், இளமையில் பெண்ணின் உடம்பு கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைப்பதற்குக் காரணமாக இருப்பதே ஈஸ்ட்ரோஜென்தான். சினைப்பைகள் அதைச் சுரப்பது குறைந்த பிறகு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியத் தொடங்குகிறது. அழகைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டாலும் இது கவனிக்க வேண்டிய மாற்றம்தான். உள்ளே படியும் இந்தக் கொழுப்பு இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுத்து, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது. தெற்காசியர்களான நமக்கு இந்த ஆபத்து மேலை நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருப்பது அதனால்தான். நீங்கள் எடையை எழுதினீர்கள், இதை எழுதவில்லை. புடவையையும் உள்பாவாடை நாடாவையும் தளர்த்திவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளவு நாடாவைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளந்து பாருங்கள். உள்பாவாடை நாடா பதிந்த கறுப்புத் தடம் எங்கே இருக்கிறதோ அங்கே அளப்பதுதான் நம் பெண்களின் வழக்கம். வயிறு சரிந்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் அளவு தவறிவிடும்.

இனி அந்த ஒன்றரைக் கிலோ. மார்பு கனத்ததையும் மோதிரம் இறுகியதையும் வைத்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீராகத்தான் இருக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு சேர்வதற்கு, செலவழிப்பதைவிட ஏறக்குறைய 7,000 கலோரிக்கு மேல் கூடுதலாக உள்ளே போக வேண்டும். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் ஐந்து வாரத்துக்குள் அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஈஸ்ட்ரோஜெனும் சில வகைப் புரோஜெஸ்ட்ரான் மருந்துகளும் தொடக்கத்தில் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திவைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த உப்புசமும் மார்பு வலியும் இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்கலாம், புரோஜெஸ்ட்ரான் வகையை மாற்றலாம், மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் தடவும் ஜெல்லுக்கு மாறலாம். இத்தனை வழிகள் இருந்தும், அவற்றை முன்கூட்டியே உங்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். "முதல் சில வாரங்களில் உடம்பு கொஞ்சம் உப்பினாற்போல இருக்கும், பயப்படாதீர்கள்" என்று மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால், நீங்கள் நல்ல தூக்கத்தை இழந்திருக்க மாட்டீர்கள்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சையால் எடை கூடுதலாக ஏறுவதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1995-இல் முடிவு வெளிவந்த 'பெப்பி' என்னும் ஆய்வில், மூன்று ஆண்டுகளின் முடிவில் வெற்று மாத்திரை எடுத்த பெண்களைவிட ஹார்மோன் எடுத்தவர்களுக்கு எடை சற்றுக் குறைவாகவே கூடியிருந்தது. வயிற்றில் கொழுப்பு படிவதை ஹார்மோன் சிறிதளவு தடுப்பதாகக் காட்டும் சான்றுகளும் உண்டு. அதற்காக இதை இளைக்க வைக்கும் மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடைக்காக மட்டும் ஹார்மோன் கேட்டு வருகிறவருக்கு நான் எழுதிக்கொடுப்பதில்லை. உங்கள் மருத்துவர் எழுதியது இரவு எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும். அந்த வேலையை அது செய்தது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், இனிப்பைத் தேடும், நடக்கச் சோம்பும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

புற்றுநோய் பற்றிய பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அது 2002-ஆம் ஆண்டு ஜூலையில் உலகம் முழுவதும் பரவிய பயம். அமெரிக்காவில் 16,608 பெண்கள் பங்கேற்ற 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி அப்போது பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜெனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரான் என்னும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரானும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்பது செய்தி. அந்த 26 விழுக்காட்டை எண்ணிக்கையாக மாற்றினால், 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு வந்திருக்கக்கூடிய நோய் 38 பேருக்கு வந்தது. கூடுதலாக எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், பலர் மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆனவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜென் மட்டும் எடுத்த இன்னொரு பிரிவினருக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அதன் பிறகு வந்த மறு ஆய்வுகளின் அடிப்படையில், 60 வயதுக்கு உட்பட்டவராகவோ மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் இருப்பவராகவோ இருந்து, தடை எதுவும் இல்லாமல், எரிச்சலால் உண்மையாகவே அவதிப்படுகிற பெண்ணுக்குத் தீமையைவிட நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. நீங்கள் இரண்டு கணக்கிலும் உள்ளே இருக்கிறீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு கூடும் உடல் பருமனும் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பதை உங்கள் ஓரகத்தியிடமும் சொல்லுங்கள்.

ஆகவே, மீண்டும் தொடங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: தொடங்கலாம், ஆனால் வீட்டில் மீதமிருக்கும் அட்டையிலிருந்து நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு அல்ல. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், நிறுத்தியதையும் நிறுத்திய காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகப் பொருந்தாது. இவற்றில் ஏதேனும் உங்களுக்கு உண்டா என்பதைக் கடிதத்திலிருந்து என்னால் அறிய முடியாது. உங்கள் உயரத்துக்கு எடை கூடுதலாக இருப்பதால், ஈஸ்ட்ரோஜெனைத் தோல் வழியாக எடுக்கலாமா என்று கேளுங்கள். வாய் வழியாக எடுக்கும் ஈஸ்ட்ரோஜென் கல்லீரலைக் கடந்து போகும்போது ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. வழக்கமான அளவில் ஜெல்லிலோ தோலில் ஒட்டும் பட்டையிலோ அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. அதற்கு மாறுவது உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இரவு மாத்திரைதான் உப்ப வைக்கிறது" என்று எண்ணிப் புரோஜெஸ்ட்ரானை மட்டும் நிறுத்திவிட்டு, ஈஸ்ட்ரோஜெனைத் தொடர்ந்து எடுக்கும் பெண்களை நான் பார்க்கிறேன். கர்ப்பப்பை உள்ளவர்கள் அப்படிச் செய்யவே கூடாது. தனியாகப் போகும் ஈஸ்ட்ரோஜென் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்து, நாளடைவில் அங்கே புற்றுநோய் வரக் காரணமாகிவிடும். அதைத் தடுப்பதற்காகத்தான் இரவு மாத்திரை. நீங்கள் இரண்டையும் சேர்த்து நிறுத்தினீர்கள். அதில் எரிச்சல் திரும்பியதைத் தவிர வேறு கேடு வந்திருக்காது.

எடைக்கு வருவோம். மருத்துவரிடம் போகும்போது தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு அளவு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும் எடை கூடும், களைப்பு வரும். அதை மாதவிடாய் நின்றதன் தலையில் போட்டுவிட்டுப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டை நீங்கள் ஏற்கெனவே குறைத்துவிட்டீர்கள். இன்னும் குறைக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் குறைத்தது அளவை. மாற்ற வேண்டியது தட்டில் உள்ள பங்கை. ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம்தான் இருக்கிறது. நான்கு இட்லி சாப்பிட்டாலும் எட்டு கிராம். உங்கள் தசை கரையாமல் இருக்க, நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு இட்லியைக் குறைத்து, அதற்குப் பதில் கெட்டியான சாம்பாரும் ஒரு முட்டையும் (6 கிராம்) வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் காபியோடு முறுக்கு சாப்பிடுவது வழக்கமானால், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு மாறுங்கள். அதில் பத்து கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைக்கும். அசைவம் சாப்பிடுபவர் என்றால் மீன் இன்னும் எளிது. விரதம் இருந்து எடையைக் குறைக்க முயன்றால், போதிய புரதம் இல்லாதபோது தசையும் சேர்ந்து குறையும். உங்கள் பிளவுஸின் கை இன்னும் தளரும்.

நடைப்பயிற்சி நல்லது, வாரத்தில் 150 நிமிடங்களாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதே நிறுவனம், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரில் பெண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத பாதி அதுதான். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் உள்ளங்கைகளை வைத்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துத் தோளுக்கு மேல் தூக்குங்கள். அது எளிதாகிவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் போங்கள். சுமை கூடிக்கொண்டே போனால்தான் தசை வளரும். நாள் முழுதும் வீட்டு வேலை செய்தும் தசை வளராததற்குக் காரணம், அங்கே களைப்பு கூடுகிறதே தவிர சுமை கூடுவதில்லை. கணவரையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். வயதோடு அவருக்கும் தசை கரைந்துகொண்டுதான் இருக்கிறது, உட்கார்ந்திருப்பதை மட்டும் குறை சொல்ல அவருக்கு நியாயமில்லை.

ஆறு மாதத்தில் மூன்று, மூன்றரைக் கிலோ குறைந்தால் அதுவே பெரிய பலன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த அளவுக்கே இறங்கத் தொடங்கும். எடை அசையாமல் வயிற்றுச் சுற்றளவு மட்டும் குறைந்தாலும் அது வெற்றிதான். எடை இயந்திரத்தின் மேல் தினமும் ஏற வேண்டாம், மாதம் ஒரு முறை போதும்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்மோன் சிகிச்சைக்கு எல்லோருக்கும் பொதுவான கெடு இல்லை. தொடங்கிய மூன்றாம் மாதத்தில் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரைப் பார்த்து, எரிச்சல் எப்படி இருக்கிறது, ரத்த அழுத்தம் என்ன, அளவைக் குறைக்க முடியுமா என்று பேசி முடிவு செய்ய வேண்டும். மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாக ரத்தம் படலாம். அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகும் அது நிற்காவிட்டாலோ, மாத்திரை எதுவும் எடுக்காத இந்த நாட்களில் ஒரு சொட்டு பட்டாலோகூட, "பழைய தீட்டு திரும்பிவிட்டது" என்று எண்ணிக்கொண்டிருக்காமல் அந்த வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.