வீட்டில் வார்த்த ஜிக் தூண்டிலில் பெயின்ட் ஏன் உரிந்துபோகிறது?

ஜிக் என்பது கொக்கியின் மேல் ஈயத்தால் தலை வார்த்த தூண்டில். அது உரிவதற்குப் பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பில்லை. வார்த்த ஈயத்தின் மேல் சீக்கிரமே மங்கலான ஆக்சைடு படலம் படிந்துவிடும், கை எண்ணெயும் சேரும். அதன்மேல் எதை அடித்தாலும் பாறையில் நாலு முறை மோதினால் பெயர்ந்துவிடும். எனவே முகமூடி போட்டுக்கொண்டு பிசிறை அரத்தால் ராவி, வினிகரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

நெயில் பாலிஷும் வேலைக்கு ஆகும், ஆனால் உழைக்காது. என் ஓட்டு, சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பொடியான பவுடர் பெயின்டுக்குத்தான். ஈயத் தலையை ஹீட் கன்னில் (சூடான காற்று வீசும் கருவி) சூடாக்கி, பவுடரில் ஓரிரு நொடி முக்கி எடுங்கள். உருகிப் பளபளத்தால் சூடு சரி. சொரசொரப்பாகவே இருந்தால் போதவில்லை, மறுபடி லேசாகச் சூடு காட்டுங்கள். திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டால் சூடு அதிகம். ஒளிரும் நிறங்களுக்கு அடியில் வெள்ளைப் பூச்சு கட்டாயம், இல்லாவிட்டால் அழுக்காகத் தெரியும்.

அப்புறம், நூல் கட்டும் கண்ணை அப்போதே ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். இறுகிய பிறகு அது பெரும் பாடு. கடைசியாக ஓவனில் தொங்கவிட்டு, சுமார் 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், பயமில்லை. ஆனால் சமைக்கும் ஓவன் மட்டும் வேண்டாம். இதற்கென்றே ஒரு பழைய ஓவனை ஒதுக்கிவிடுங்கள்.