புதிதாக நிறுவியும் பழையதே ஓடுவது ஏன்? பாத் மாறி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பீளமேட்டில் பயிலும் மாணவி): ஐயா, பைத்தானின் புதிய பதிப்பை நிறுவினேன். ஒரு நிரலின் இடத்தைத் தேடித் தரும் விச் கட்டளை புதியதன் இடத்தையே காட்டுகிறது. அதே டெர்மினலில் ஓடுவதோ பழையது. எதை நம்புவது?

பதில்: கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலே பாத் மாறி. அதில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்ட கோப்புறைகளை, நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல் இடமிருந்து வலமாகத் தேடி, கேட்ட பெயர் முதலில் அகப்படும் இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் பாஷ் என்னும் ஷெல், ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் குறித்துக்கொண்டு, மறுமுறை தேடாமல் நேரே அங்கு செல்கிறது. விச் என்பது பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் தனி நிரல் என்பதால், ஷெல்லின் அந்த நினைவு அதற்குத் தெரியாது. எனவே ஷெல்லிடமே கேளுங்கள். டைப் கட்டளையோடு பெயரைக் கொடுத்தால், ‘ஹாஷ்ட்’ என்ற குறிப்புடன் பழைய இடம் வரும். ‘ஹாஷ் -ஆர்’ அந்த நினைவை அழித்துவிடும். ‘டைப் -ஏ’ அந்தப் பெயரில் உள்ள அனைத்தையும் வரிசையாகத் தரும். ஆயினும் அது நினைவில் உள்ளதைப் பார்க்காது என்பதால், முதலில் வெறும் டைப் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

கேள்வி (திருப்பூரில் பின்னலாடை அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவர்): பாத் மாறி மிக நீண்டுவிட்டது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பாத் மாறியை எக்கோ கட்டளையால் அச்சிட்டு, அந்த வரியை எழுத்துகளை மாற்றித் தரும் ‘டிஆர்’ கட்டளைக்கு அனுப்பி, முக்காற்புள்ளி இருக்குமிடமெல்லாம் புதுவரி இடச் சொல்லுங்கள். சென்ற மாதம் ஒரு நண்பரின் கணினியில் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே கோப்புறை நான்கு முறை வந்திருந்தது; நடுவில் ஒரு வெற்று வரியும் இருந்தது. நான்கு முறை வந்ததால் பெரிய தீங்கில்லை. வெற்று வரிதான் என்னைக் கவலைப்படுத்தியது. அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளிகள் வந்தால், ‘நான் இப்போது நிற்கும் கோப்புறை’ என்று ஷெல் பொருள்கொள்ளும். வெளியிலிருந்து இறக்கிய கோப்புறைக்குள் நின்றுகொண்டு ஒரு கட்டளையைச் சற்றே தவறாகத் தட்டினால்கூட, அங்கே அதே பெயரில் கிடக்கும் அயல் நிரல் ஓடிவிடக்கூடும். அந்த வெற்று இடத்தை உடனே நீக்குங்கள்.

கேள்வி (ஈரோடு): விண்டோஸில்?

பதில்: அங்கே பிரிப்பது அரைப்புள்ளி, தேடித் தருவது ‘வேர்’ கட்டளை. பவர்ஷெல்லில் அப்பெயர் வேறொன்றைக் குறிப்பதால், ‘வேர்.இஎக்ஸ்இ’ என்று முழுமையாக எழுதுங்கள். நீண்ட பாத்தை ‘செட்எக்ஸ்’ கட்டளை கொண்டு மாற்றாதீர்கள். 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை அது வெட்டிவிடும்.

கேள்வி (பெருந்துறை): கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் கிரானில் மட்டும் ‘கட்டளை காணப்படவில்லை’ என்கிறதே?

பதில்: உங்கள் டெர்மினலின் பாத் கிரானுக்கு வருவதில்லை, அதனிடம் இருப்பது மிகச் சுருக்கமானது. கிரானின் அட்டவணைக் கோப்பான கிரான்டேபின் தலைப்பிலேயே பாத்தை எழுதுங்கள். அங்கே டாலர் குறியிட்ட மாறியின் பெயர் அதன் மதிப்பாக விரிவடையாது என்பதால், ஒவ்வொரு கோப்புறையையும் முழுப்பெயருடன் எழுத வேண்டும்.